பதினோரு நிமிஷம் நின்ற அருவி

அத்தியாயம் 17

“இந்த ரெண்டு கையால ஒரு அருவியைப் பதினோரு நிமிஷம் நிறுத்தி வெச்சவன் நான்.”

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அப்பா இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, மறுக்க யாராவது கிடைப்பார்களா என்று ஆசையோடு சுற்றிப் பார்த்தார்.

“மேல இருந்த தண்ணி மேலயே நின்னுடுச்சு. கீழ இருந்தது கீழ போயிடுச்சு. பாதியில விழுந்துட்டு இருந்தது இருக்கு பாரு, அதுக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. அந்தரத்துல தொங்குச்சு. மீனெல்லாம் இறங்கி நடந்தே போச்சு.”

“போன தடவை மீன் நடக்கலையேப்பா,” என்றாள் சில்லு.

“அப்ப உனக்கு வயசு பத்தல. பயந்துடுவேன்னு விட்டுட்டேன்.”

“போன தடவைங்கிறது போன புதன்கிழமை.”

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. “பொய். தலையிலேருந்து கால் வரைக்கும் பொய்.”

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். அந்தக் கதையை அப்பா ஓராயிரம் தடவை சொல்லியிருப்பார் என்றால், அம்மா அந்த ஒரு வார்த்தையை ஆயிரத்து ஒரு தடவை சொல்லியிருப்பாள். அந்த உபரி ஒன்று, அவர் தூக்கத்தில் உளறியபோது சொன்னது.

சில்லு சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டில்களைப் பையில் அடுக்கினாள். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு இருந்தாளாம், அதனால் சில்லு. இப்போது இருபத்தெட்டு வயது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பிறர் கண்ணுக்கான சில்லுகளைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறாள். பெயர் வைத்தவர்களுக்கு ஏதோ ஞானதிருஷ்டி.

இந்தப் பயணத்துக்கு அவள் போட்ட திட்டத்தில் ஒரு சின்ன ராஜ்யத்தையே பிடித்திருக்கலாம். மூன்று வாரம். எந்த அருவி, எந்தப் பாதை, எங்கே நின்று டீ குடிப்பது, யார் ஜன்னலோரம், எத்தனை துண்டு, எத்தனை மாத்திரை என்று ஒரு நோட்டுப் புத்தகமே நிறைந்துவிட்டது. அப்பா தன் பங்குக்குச் சாப்பாட்டு மேஜையின் நீளத்துக்கு ஒரு வரைபடம் வரைந்திருந்தார். அதில் அருவி இருந்ததோ இல்லையோ, அருவிக்கு மேலே அவர் வேலை பார்த்த அணைக்கட்டு மட்டும் ஒரு நகரத்தின் அளவுக்கு இருந்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை அம்மாவைச் சம்மதிக்க வைத்தது. கடலுக்கு வருவாள். மலைக்கு வருவாள். மிருகக்காட்சி சாலைக்குக்கூட வந்து, புலி இளைத்துவிட்டது என்று அங்கலாய்ப்பாள். அந்த அருவி என்றால் மட்டும் கால்வலி, தலைவலி, தைக்க வேண்டிய சீருடை என்று வரிசையாக வந்து நிற்கும். அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை, ஊசியில் நூல் கோத்தபடி, “சரி, வரேன்” என்றாள். அப்பா கையிலிருந்த டம்ளரைத் தரையில் போட்டு உடைத்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

அருவிக்கும் சில்லுவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவள் திட்டமெல்லாம் வேனில் இருந்தது. சரியாகச் சொன்னால், வேனின் ஸ்டியரிங்குக்குப் பின்னால்.

பள்ளிக் குழந்தைகளை ஏற்றிப்போகும் அந்த வேன்காரரை அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். கண்ணாடி மாற்ற வந்தவர், பிறகு மாற்றத் தேவையில்லாத கண்ணாடியை மாற்ற வந்தார், பிறகு கண்ணாடியே இல்லாமல் வந்தார். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டியரிங் பிடிக்கிறவன் கண் ரோட்டில் இருக்கும், வீட்டில் இருக்காது என்பது அம்மாவின் அசைக்க முடியாத கொள்கை. நாளை ஞாயிறு மதியம், அம்மா பார்த்து வைத்த மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையனுக்கு நாற்காலி வேலை. வந்து, உட்கார்ந்து, சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாராலும் எதையும் நிறுத்த முடியாது.

ஆக, இருப்பது இன்று ஒருநாள். யாரென்று தெரியாமலே அம்மா அந்த மனிதரோடு பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். அவர் நிதானமாக வண்டி ஓட்டுவதை, அப்பாவின் கதையைக் கொட்டாவி விடாமல் கேட்பதை அவளே பார்க்க வேண்டும். இரவு திரும்பும்போது சில்லு உண்மையைச் சொல்வாள். இதுதான் திட்டம்.

ஆறு மணிக்குக் கீழே ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தடவை, அதுவும் தூங்குகிற குழந்தை எழுந்துவிடாதபடி.

அப்பா கதவருகே போனார். காலண்டருக்குப் பக்கத்து ஆணியைப் பார்த்தார். ஆணி இருந்தது. சாவி இல்லை.

இந்த இடத்தில் அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு, வாசல் கதவுக்கு அவரே ஒரு பூட்டு வைத்தார். வெளியிலிருந்து திறக்கவும் சாவி வேண்டும், உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். திருடன் எப்படியோ உள்ளே வந்தாலும் வெளியே போக முடியாது, நாம் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்று விளக்கம் சொன்னார். சாவிகள் இரண்டு. ஒன்று முதல் வாரமே தொலைந்தது. பாக்கி ஒன்று. ராத்திரி பூட்டி ஆணியில் மாட்டினால், காலையில் எடுத்துத் திறப்பது.

“யார் எடுத்தது?”

“நீங்கதானே ராத்திரி பூட்டினது,” என்றாள் அம்மா.

“பூட்டி மாட்டினேன்.”

“மாட்டினேன்னு நெனச்சுட்டு மடிச்சு முழுங்கியிருப்பீங்க.”

தேடல் ஆரம்பித்தது. சோபா குப்புறக் கவிழ்ந்தது. அரிசி டப்பாவில் கை விட்டார்கள். கட்டிய பைகள் அத்தனையும் பிரிந்து, மூன்று வாரத் திட்டம் கூடத்துத் தரையில் துண்டும் ரொட்டியுமாகச் சிதறிக் கிடந்தது. 1997-ல் காணாமல் போன ஒரு கத்தரிக்கோல் கிடைத்தது. முதலில் தொலைந்த அந்த இன்னொரு சாவிகூடக் கிடைத்தது, குளிர்பெட்டிக்கு அடியில், இரண்டு துண்டாக. இருக்கிற சாவி மட்டும் கிடைக்கவில்லை.

மூன்றாம் மாடி. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பால்கனிக்கும் கம்பி வலை, அதையும் போன வருடம் போட்டது அப்பாதான், புறா வருகிறது என்று. புறா இப்போது வெளியே உட்கார்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சில்லு வலையில் முகத்தை ஒட்டிக் கீழே பார்த்தாள். வேனின் வெள்ளைக் கூரை. அதன் மேல் சாய்ந்து நீலச் சட்டை. அவர் மேலே பார்த்துக் கையை விரித்தார். அவள் சாவி போடுவது போலவும், அது இல்லை என்பது போலவும் கையாட்டினாள். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார்.

போன் அடித்தது. அம்மா நாலடி தூரத்தில் இருந்தாள்.

“சொல்லுங்க டிரைவர் சார்,” என்றாள் சில்லு, தன் வாழ்நாளிலேயே மிக அந்நியமான குரலில்.

“வர்றதுக்கு இன்னும் நேரமாகுமா மேடம்?” அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம்.

“கதவு திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பொறுங்க சார்.”

“பத்து மணிக்குள்ள கிளம்பினா போதும் மேடம். மூணரை மணி நேரம். ரெண்டு மணிக்கு அருவிப் பாதையில கேட்டை மூடிடுவாங்க. பத்தைத் தாண்டினா போய்ப் பிரயோஜனமில்ல.”

“தெரியும் சார். நன்றி சார்.”

அம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். “ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு சார் எதுக்கு?”

பூட்டு ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் முடியாது, இன்று காலை மட்டும் ஐந்து பேர் வீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், நீங்கள் உள்ளேதானே இருக்கிறீர்கள் என்றார். நியாயமான பேச்சு.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுப் பல் டாக்டர் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“எது மாட்டியிருக்கு, மேலா கீழா?” என்று கேட்டார்.

“கடவாய்ப் பல்லுங்க,” என்றார் அப்பா எரிச்சலோடு. “சாவி காணோம் டாக்டர். கதவுல ஒரு குறையும் இல்ல.”

“அப்ப பிடுங்கிடலாமா? க்ளினிக்ல ஆயுதம் இருக்கு.”

“என் கதவைப் பிடுங்க இன்னும் எவனும் பொறக்கல.” இதை அப்பா பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஏழரை. எட்டு. எட்டே கால்.

அப்பா ஊக்கை விட்டுப் பார்த்தார், கொக்கியை விட்டுப் பார்த்தார், சைக்கிள் கம்பியை விட்டுப் பார்த்தார். பூட்டின் திருகைக் கழற்றலாம் என்றால், திருடன் கழற்றிவிடக் கூடாது என்று திருகின் தலையை அவரே அரத்தால் ராவி வழவழவென்று ஆக்கியிருந்தார். ஒரு மனிதன் தன் புத்திசாலித்தனத்தோடு தானே மல்லுக்கட்டினால் யார் ஜெயிப்பது? அப்பா இரண்டு பக்கமும் தோற்றுக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் அம்மா தையல் மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிச் சீருடைக் கால்சட்டைகள் ஒரு குன்று போலக் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் மடித்து அடித்தாள். வெளியே போக உடுத்திய நல்ல உடையோடு, கைக்கடிகாரத்தோடு. அந்தக் கடிகாரம் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன் அவள் மணிக்கட்டு கடிகாரத்தையே கண்டதில்லை, நேரத்தையே நான்தான் அவளுக்கு அறிமுகம் செய்து வைத்தேன் என்பது அப்பாவின் இன்னொரு பெருமை.

“உனக்குக் கொஞ்சமாவது பதற்றம் இருக்காம்மா?” என்றாள் சில்லு.

“பதறினா சாவி வந்துடுமா? போகணும்னு இருந்தா போவோம். இல்லேன்னா நாளைக்கு வர்றவங்களுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவோம்.”

நாளைக்கு வர்றவங்க. சில்லுவுக்கு வீடு திடீரென்று நாலடி சுருங்கிவிட்டது. ஜன்னல் கம்பிகள் எண்ணிக்கையில் கூடிவிட்டன. கூடம், சமையலறை, படுக்கையறை, மறுபடி கூடம். பதினெட்டு எட்டில் சுற்றி வந்துவிடலாம். காலையிலிருந்து நூறு தடவை சுற்றியிருந்தாள். இப்படியே இருபத்தெட்டு வருடமாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்கு அம்மா மிஷினிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள். “அருவியவே நிறுத்தினவருக்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியல.”

வழக்கமாக இதற்கு அப்பா பத்து நிமிடம் பதில் சொல்வார். இன்று சைக்கிள் கம்பியைக் கீழே வைத்தார். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். காலையில் கட்டிய ஷூவை அவர் இன்னும் கழற்றவில்லை.

சில்லு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அது பொய் இல்ல சில்லு,” என்றார் அப்பா தணிந்த குரலில். “மீன் நடந்ததுதான் பொய்.”

“தெரியும்ப்பா.”

“தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.”

அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

“மதகு அருவிக்கு இருநூறு அடி மேல. நடுவுல ஒரு வளைவு. அங்க நின்னா அருவி சத்தம் கேக்கும், கண்ணுக்குத் தெரியாது. அன்னிக்கு மேல எங்கயோ மழை. தண்ணி ஏறுது. கீழ காவலுக்கு இருந்தவர் போன்ல கத்துறார், பாறை மேல ஆள் மாட்டிக்கிச்சு, இன்னும் ஒரு சாண் ஏறினா அடிச்சுட்டுப் போயிடும்னு. மதகை இறக்கணும்னா மேலதிகாரி உத்தரவு வேணும். நான் கேக்கல. மூணு மதகையும் இறக்கினேன். சக்கரம் சுத்தினதுல உள்ளங்கை உரிஞ்சுடுச்சு. அணை நிரம்பி வழியப் போற நேரத்துல மறுபடி ஏத்தினேன். அவ்ளோதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் பயம். உத்தரவில்லாம இறக்கினது தெரிஞ்சா வேலை போயிடும். பதிவேட்டுல எழுதல. காவலுக்கு இருந்தவரும் அடுத்த மாசமே வேலைய விட்டுப் போயிட்டார். கீழ யார் மாட்டினாங்க, பிழைச்சாங்களா, அருவி நெஜமாவே நின்னுச்சா, எதுவும் நான் பார்க்கல. சொன்னா எவனும் நம்பல. சரி, நம்பாதவனுக்கு எதைச் சொன்னா என்னன்னு சேர்த்துச் சேர்த்துச் சொன்னேன்.”

சேர்த்தது கொஞ்சமா? பாறையில் மாட்டியது முதலில் ஒரு போட்டோக்காரர். பிறகு ஒரு கன்றுக்குட்டி. சில்லு பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பேண்டு வாத்தியக் குழு, மேளத்தோடு. போன வருடம் அது சர்க்கஸ் யானையாக வளர்ந்திருந்தது.

“இன்னிக்கு அங்க போய் வளைவுல நின்னு பார்க்கலாம்னு இருந்தேன். மதகுலேருந்து பாறை எவ்ளோ தூரம்னு. நின்னிருக்குமா நின்னிருக்காதான்னு.” உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். “அவளே பொய் பொய்னு சொல்லி, இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு.”

மிஷின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை.

ஜன்னல் வழியே காற்று வந்தது. கூடத்துத் திரைச்சீலை உப்பி எழுந்து அலைந்தது. சில்லு அதையே பார்த்தாள். நாள் முழுக்கக் கண்ணாடியில் கோடு நேராக நிற்கிறதா சாய்கிறதா என்று பார்க்கிற கண். திரை முழுவதும் ஆடியது, இடது மூலை மட்டும் ஆடவில்லை. யாரோ கீழே பிடித்து இழுப்பது போல நேராகத் தொங்கியது.

எழுந்து போய் மூலையைக் கையில் எடுத்தாள். வெளிர் மஞ்சள் திரை. அதன் ஓரத்தில் மூன்று விரல் நீளத்துக்குக் கருநீல நூலில் தையல். சீருடை தைக்கிற நூல்.

விடியற்காலையில் அரைத்தூக்கத்தில் கேட்ட அந்தச் சத்தம் இப்போது ஞாபகம் வந்தது. டர்ர் என்று, பத்து விநாடிகூட இருக்காது. அம்மா மிச்ச வேலையை முடிக்கிறாள் என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டாள்.

தையலைப் பிரித்தாள். சாவி உள்ளங்கையில் விழுந்தது.

அப்பா ஷூவோடு எழுந்து நின்றார். அம்மா நாற்காலியிலிருந்து அசையவில்லை.

சில்லுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒளித்து வைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று தோன்றியது. “தெரிஞ்சுபோச்சா உனக்கு? அதுக்குத்தானே பூட்டி வெச்ச? நேரா கேட்டிருக்கலாமேம்மா. ஆமா, அவர்தான். கீழ நிக்கிறாரே, அவரைத்தான் நான் கட்டிக்கப் போறேன். நாளைக்கு யார் வந்தாலும் எனக்கு வேணாம்.”

“யாரு?” என்றார் அப்பா. “டிரைவரா?”

“கத்தாதே,” என்றாள் அம்மா. “அது எனக்கு ரெண்டு மாசமா தெரியும்.”

“எப்படி?”

“ஸ்கூலுக்குச் சீருடை கொடுக்கப் போனப்ப அந்தப் பையன்தான் மூட்டையை இறக்கி வெச்சான். சட்டையில மூணாவது பட்டன் புதுசு. குறுக்கால தைக்காம நேர்க்கோடா ரெண்டு கோடு. இந்த ஊர்லயே பட்டனை அவ்ளோ மோசமா தைக்கிறது நீ ஒருத்திதான். நானே சொல்லிக் கொடுத்து, நானே தலையில அடிச்சுக்கிட்டது.” கால்சட்டையை மடித்து வைத்தாள். “அதோட, எந்த வாடகை வேன்காரன் மூணரை மணி நேரம் கீழ நின்னு ஒரு ஹாரனோட நிறுத்திக்குவான்? காலையிலேருந்து நானும் ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் இருக்கேன். நாலு டீ. ஒரு தடவைகூட மூஞ்சியைச் சுளிக்கல.”

“அப்ப கோபம் இல்லையா?”

“கோபம் இருக்கு. அது வேற. அதை வேன்ல பேசிக்கலாம்னு இருந்தேன்.”

“பின்ன எதுக்கும்மா சாவியைத் தைச்ச?”

அம்மா மிஷினின் சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் உருட்டினாள்.

“உன் மூஞ்சியப் பார்த்துச் சரின்னு சொல்லிட்டேன்,” என்றாள் கடைசியில். “காலையில எழுந்தா காலு வரல. அந்த அருவின்னா எனக்கு வராது. வயித்துவலின்னு சொல்லலாம்னு பார்த்தேன். சொன்னா நீங்க ரெண்டு பேர் மட்டும் போவீங்க. இவரு அங்க போய் நின்னு, மதகைப் பார்த்து, பாறையைப் பார்த்து, கணக்குப் போட்டு, நின்னிருக்காதுன்னு முடிவு பண்ணிட்டு வருவாரு. அதுவும் எனக்குத் தாங்காது.”

“என்ன சொல்ற நீ?” என்றார் அப்பா.

“பாறை மேல நின்னது கன்னுக்குட்டி இல்லைங்க.”

பால்கனிப் புறாகூடத் தலையைச் சாய்த்துக் கேட்டது.

“அன்னிக்கு வீட்டுல தையல் கிளாஸுக்குன்னு சொல்லிட்டுப் போனேன். பத்தொன்பது வயசு. பாறை வரைக்கும் முழங்கால் தண்ணிதான் இருந்துச்சு, ஏறி நின்னோம்… நின்னேன். திரும்பிப் பார்த்தா வந்த வழியே காணோம். சுத்தித் தண்ணி. செருப்பு போச்சு. பாதம் நனைஞ்சுது, கணுக்கால் நனைஞ்சுது. சாமியை எல்லாம் கூப்பிட்டு முடிச்சுட்டேன்.”

“நீயா?”

“கல்யாணமாகி மூணாவது நாள், சாப்பிட உட்கார்ந்துட்டு நீங்க இந்தக் கதையை ஆரம்பிச்சீங்க. ஒரு போட்டோக்காரனைக் காப்பாத்தினேன்னு. எனக்குக் கையில எடுத்த சோறு கையிலயே நின்னுடுச்சு. அது நான்தான்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? அங்க நீ எதுக்குப் போனே. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பொய்னு சொன்னேன். ஒரே ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடலாம்னுதான் நெனச்சேன். நீங்க விட்டாத்தானே. நீங்க சொல்லச் சொல்ல நானும் சொல்ல வேண்டியதாப் போச்சு. இந்தப் பூட்டு என்ன பூட்டு. முப்பத்திரெண்டு வருஷமா நான் அந்த ஒரு பொய்க்குள்ள இருக்கேன், சாவியை என் கையிலயே வெச்சுக்கிட்டு.”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப யானை…”

“யானை இல்லைங்க.”

“சரி சரி. சும்மா கேட்டேன்.”

சில்லு சாவியை நீட்டினாள். கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியது. அம்மா சாவியை உடனே வாங்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் ஏதோ ஒரு மன்னிப்பு, யார் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாத மாதிரி.

“போலாம்,” என்றாள். “பாறை எங்கயும் போயிருக்காது. காட்டுறேன். அந்தப் பையனை முன் சீட்டுல என் பக்கத்துல… சரி, அவன்தானே ஓட்டணும். நான் முன்னால உட்கார்ந்துக்கிறேன். நாளைக்கு வர்றவங்களுக்குப் போற வழியில போன் போட்டுக்கலாம்.”

என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்கச் சில்லுவுக்குத் தைரியம் வரவில்லை. தரையில் கிடந்த துண்டுகளை அள்ளிப் பையில் திணித்தாள். மூன்று வாரம் ஒழுங்காக அடுக்கியதெல்லாம் முப்பது விநாடியில் ஒரே பையில் புகுந்துகொண்டது.

அம்மா பூட்டில் சாவியை நுழைத்தாள். அப்பா அவள் கையின் மேல் கையை வைத்துத் தடுத்தார்.

“பதினோரு நிமிஷம்,” என்றார். “நின்னுச்சா?”

“ஒன்பது.”

“பதினொண்ணு.”

“ஒன்பதுங்க. நான் எண்ணினேன். கையில கடிகாரம் இருந்துச்சு.”

அப்பா தலையாட்டினார். ஒன்பது போதும் அவருக்கு, ஒன்றாக இருந்தாலும் போதும் போல நின்றார். ஆனால் பையின் வாரைத் தோளில் மாட்டப் போன சில்லுவின் கை பாதியில் நின்றது. அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் கடிகாரத்தையே கண்டிராத மணிக்கட்டு.

“யாரோட கடிகாரம்மா?”

கீழே ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையாக, மெதுவாக.

அம்மா சாவியைத் திருப்பினாள். கதவு திறந்து படிக்கட்டுக் காற்று உள்ளே வந்தது. அவள் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

“நடந்துச்சுங்க,” என்றாள். “நீங்க நிறுத்தினீங்க. அது நின்னுச்சு.”